தோற்ற வேலைநிறுத்தங்கள், நிலைத்த உரிமை: வடசென்னைத் துணித் தொழிலாளர் சங்க வரலாறு

சென்னையின் வடபகுதி, துறைமுகமும் தொடர்வண்டியும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே துணியால் உருவான பகுதியாகும். கிழக்கிந்தியக் கம்பெனி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த துணிகளை வெளுப்பதற்காகக் குடியேற்றப்பட்டவர்களின் ஊரே வண்ணாரப்பேட்டையாயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு அவர் பெயராலேயே காலடிப்பேட்டை என வழங்கலாயிற்று. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டபின் உள்நாட்டுப் பருத்தி நகருக்குள் வருவதும், நெய்த துணி கப்பலேறுவதும் எளிதாயின. இந்தப் பின்னணியில்தான் பெரம்பூரில் பெரிய ஆலைகள் எழுந்தன. அந்த ஆலைகளின் வாயிலில்தான் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் முறையான அமைப்பாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தோன்றியது.

அச்சங்கம் நடத்திய பெரும் போராட்டங்கள் பலவும் அந்தந்த நேரத்தில் தோல்வியிலோ அரைகுறை உடன்பாட்டிலோ முடிந்தன. ஆயினும் அத்தோல்விகளுள் ஒன்றே இந்தியத் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவான ஒரு சட்டத்திற்கு வழி வகுத்தது. மற்றொன்று, சாதியால் பிளவுண்ட தொழிலாளர் எவ்வாறு ஒருசேரத் தோற்பர் என்பதற்கு நிலையான சான்றாயிற்று. இன்று வடசென்னையில் தையல் கூடங்களிலும் துணிக்கடைகளிலும் வீட்டு வேலைகளிலும் உழைக்கும் பெண்களின் நிலையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இவ்விரண்டையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

பின்னி ஆலைகள்

துறைமுக வணிகத்தில் வளர்ந்த பின்னி நிறுவனம், 1876-இல் பக்கிங்காம் ஆலையையும், அடுத்த சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையையும் பெரம்பூர்ப் பகுதியில் நிறுவியது. முன்னதற்கு அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் இடப்பட்டது. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. மக்கள் வழக்கில் அவை 'பி அண்டு சி மில்' என்றும் 'பின்னி மில்' என்றும் அறியப்பட்டன. படைவீரர் சீருடைக்கான காக்கித் துணி இவற்றின் முக்கிய விளைபொருள். முதல் உலகப் போர்க் காலத்தில் அத்துணிக்கான தேவை பெருகியபோது ஆலைகளின் வருவாய் உயர்ந்தது, ஆனால் அரிசியும் துணியும் விலையேறியதால் தொழிலாளரின் கூலிக்கு இருந்த வாங்கும் ஆற்றல் சரிந்தது.

1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி ஆலையொன்றில் வயதுவந்த ஆணை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நண்பகல் உணவுக்கு அரைமணி அளவே கிடைத்தது. அதற்குள் கைகால் கழுவி, வெளியே வந்து உண்டு, சங்கு ஊதுவதற்குள் திரும்ப வேண்டியிருந்ததால், தொழிலாளரின் முதல் முறையீடு கூலியைப் பற்றியதாக இல்லாமல் சோற்று நேரத்தைப் பற்றியதாக இருந்தது. ஆளெடுப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் மேஸ்திரிகள் கையில் இருந்தன. அவர்களின் வசவும் அடியும் கையூட்டும் அன்றாட நிகழ்ச்சிகளாயிருந்தும், அவற்றை எடுத்துச் சொல்ல ஓர் இடமில்லை.

சங்கம் தோன்றிய விதம்

குறைகளை எடுத்துச் சொல்ல ஓர் இடத்தை உருவாக்கியோர் ஆலைத் தொழிலாளர் அல்லர். பெரம்பூர்ப் பகுதியில் சிறு வணிகம் செய்துவந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷினி சபை என்ற பக்திச் சபையை நடத்தினர். சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர் தம் குறைகளையும் அங்கே பேசத் தொடங்கினர். வணிகர் இருவரும் அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' இதழின் அலுவலகத்தை அணுக, அதன் துணையாசிரியராயிருந்த பி.பி. வாடியா பெரம்பூருக்கு வந்தார். பார்சி இனத்தவரும் தன்னாட்சி இயக்கத்தவருமான வாடியா 1917-இல் பெசன்ட்டோடு காவலில் வைக்கப்பட்டிருந்தவர். 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் தமிழ்ப் பேச்சால் தொழிலாளரைத் திரட்டினார். வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும், வணிகர் இருவரும் செயலர்களாகவும் பொறுப்பேற்றனர்.

இதற்கு முன்னும் தொழிலாளர் சார்பில் அமைப்புகள் இல்லாமலில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1890-இல் ஆலைத் தொழிலாளர் சபையொன்றை அமைத்திருந்தார். எனினும் உறுப்பினர் பட்டியல், சந்தா, தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர், முறையான கணக்கு ஆகியவற்றோடு தொடர்ந்து இயங்கும் அமைப்பே தொழிற்சங்கம் எனப்படும் என்னும் வரையறையைக் கொண்டால், அந்த இலக்கணம் முதலில் பெரம்பூரில்தான் நிறைவேறியது. அகமதாபாத்தில் அனசூயா சாராபாயும் காந்தியடிகளும் முன்னின்ற நெசவாலைத் தொழிலாளர் சங்கமும், பம்பாயில் கூடிய அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசும் 1920-இல்தான் அமைந்தன. வடசென்னையிலோ அதற்குள் டிராம் வண்டி ஊழியர், அச்சகத்தார், மண்ணெண்ணெய்க் கிடங்குத் தொழிலாளர், பெரம்பூர் தொடர்வண்டிப் பணிமனைத் தொழிலாளர் எனப் பலரிடமும் சங்க எண்ணம் பரவியிருந்தது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில் வாடியாவும் இடம்பெற்றார்.

நீதிமன்றம் ஏறிய சங்கம்

நிர்வாகம் சங்கத்தை ஏற்க மறுத்தது. தொழிலாளரை வழிக்குக் கொண்டுவர உரிமையாளரே ஆலையை மூடிவிடுவதைக் கதவடைப்பு என்பர். 1918-இலேயே அது நிகழ்ந்தது. 1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் எழுந்த பூசல் மீண்டும் கதவடைப்பில் முடிந்தது. டிசம்பர் 9-ஆம் நாள், வேலைக்குச் சென்றோரை ஏற்றிய வண்டிகளைக் கூட்டம் மறித்தபோது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர்.

துப்பாக்கியைவிட ஆழமாகச் சங்கத்தைத் தாக்கியது நீதிமன்ற நடவடிக்கையே. தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு வாடியாவும் பிற தலைவர்களும் தூண்டியதால் தமக்கு நட்டம் ஏற்பட்டது என்று கூறி, இழப்பீடு கேட்டு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றமும் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. வேலைநிறுத்தம் செய்யுமாறு தொழிலாளரிடம் பேசுவதே ஒப்பந்த மீறலைத் தூண்டும் தவறாகிவிடும் என்றால், சங்கம் என்ற ஒன்று சட்டத்தின் கண்ணில் இருக்கவே முடியாது. இங்கிலாந்திலும் 1901-இல் டாஃப் வேல் தொடர்வண்டி வழக்கில் இதே நிலை ஏற்பட்டு, 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சங்கங்கள் காக்கப்பட்டன. இந்தியாவிலோ அத்தகைய காப்பு எதுவுமில்லை. 1921 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்திலிருந்து விலகினார், வழக்கு கைவிடப்பட்டது.

தொழிலாளர் தோற்றது வெளிப்படை. ஆனால் இவ்வழக்கு நாடெங்கும் கவனத்தை ஈர்த்தது. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைத் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி 1921 மார்ச்சில் மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ஆலை முதலாளிகளின் எதிர்ப்பால் ஐந்தாண்டு இழுபறிக்குப்பின் 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர், சங்கத்தின் நியாயமான நோக்கத்திற்காகச் செய்துகொண்ட உடன்பாட்டைக் குற்றச் சதி எனக் கருதித் தண்டிக்கலாகாது என்பதை அதன் 17-ஆம் பிரிவும், தொழில் தகராற்றின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகக் கூறி உரிமையியல் வழக்குத் தொடுக்கலாகாது என்பதை 18-ஆம் பிரிவும் உறுதி செய்தன. பெரம்பூரில் வாடியாமீது எய்யப்பட்ட அம்பை, பிற்காலத் தலைவர் எவர்மீதும் எய்ய முடியாதவாறு இப்பிரிவுகள் தடுத்தன.

1921-இன் பிளவு

சட்டம் வருவதற்குள் சங்கம் அதைவிடப் பெரிய சோதனையைச் சந்தித்தது. 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கி, சூன் மாதம் பக்கிங்காம் ஆலைக்கும் பரவிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. ஆலைத் தொழிலாளருள் சாதி இந்துக்கள், முசுலிம்கள், ஆதிதிராவிடர் என மூன்று பெரும் பிரிவினரும் இருந்தனர். வேலைநிறுத்தம் நீண்டபோது ஆதிதிராவிடர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர்.

இதற்கான காரணங்களை ஒரே சொல்லில் அடக்க இயலாது. நிலமோ சேமிப்போ கடன் கொடுக்கும் உறவினரோ இல்லாத குடும்பங்களால் பல வாரம் கூலியின்றி இருக்க முடியவில்லை; சங்கத்தின் தலைமையில் தமக்கு உரிய இடமில்லை என்ற மனக்குறையும் அவர்களிடம் இருந்தது; தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. இராசா வேலைநிறுத்தத்தை ஏற்கவில்லை. அரசும் நிர்வாகமும் இப்பிளவைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டன. வேலைநிறுத்தத்தை முறிக்க வேலைக்குப் போவோரைத் தொழிற்சங்க வழக்கில் கருங்காலி என்பர். ஆலைகளை அடுத்த புளியந்தோப்பில் அச்சொல் சாதி வசையோடு கலந்தது. குடிசைகள் தீக்கிரையாயின, கல்வீச்சும் கலவரமும் மாதக்கணக்கில் தொடர்ந்தன, காவல்துறை பலமுறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஆகஸ்ட் 29-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூடு அவற்றுள் பெரிது. திரு.வி.க.வை நாடு கடத்தப்போவதாக ஆளுநர் வில்லிங்டன் எச்சரிக்கும் அளவுக்கு நிலை முற்றியது. ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியும் இதில் இருகூறாயிற்று. பிட்டி தியாகராயர் வேலைநிறுத்தம் செய்தோர் பக்கம் பேச, எம்.சி. இராசா சில ஆண்டுகளில் அக்கட்சியை விட்டு விலகினார்.

வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகமே அமைத்த நலக்குழு சங்கத்தின் இடத்தைப் பிடித்தது. ஆலைக்குள் ஒரே சங்குக்கு வேலை செய்தோர், ஆலைக்கு வெளியே ஊரும் சேரியுமாகப் பிரிந்து வாழ்ந்தனர் என்பதைச் சங்கம் கணக்கில் கொள்ளவில்லை. கூலிக் கோரிக்கையே எல்லோரையும் இணைத்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. தாழ்த்தப்பட்டோரைத் துரோகிகள் என்று மட்டும் எழுதிச் செல்லும் வரலாறு, இந்தப் பாடத்தை மறைத்துவிடும்.

ஆலையிலிருந்து துறைமுகம் வரை

இருப்பினும் சங்கம் அழியவில்லை. 1923 மே 1-ஆம் நாள் பொதுவுடைமையாளர் ம. சிங்காரவேலர் உயர் நீதிமன்றம் எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களை நடத்தியபோது, 1921 போராட்டத்தில் கிடைத்த பட்டறிவும் அவருக்குப் பின்புலமாக இருந்தது. 1946-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரான எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். இலங்கை இடதுசாரி இயக்கத்தில் பயின்று தமிழகம் வந்தவர். அவர் தலைமையில் 1947 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ நூறு நாள் நீடித்தது, அவர் சிறையிடப்பட்டார். அவரே சென்னைத் துறைமுகத் தொழிலாளரின் தலைவராகவும் விளங்கி, 1957-இல் வடசென்னைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆலைத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே தலைவரின்கீழ் நின்ற அக்காலமே வடசென்னைத் தொழிற்சங்க அரசியலின் வலிமை மிக்க காலம் எனலாம்.

பழைய எந்திரங்கள், விசைத்தறியின் போட்டி, நிதிச் சிக்கல் ஆகியவற்றால் நலிந்த பின்னி ஆலை 1996-இல் இறுதியாக மூடப்பட்டது. சில காலம் திரைப்படப் பிடிப்புக்கு வாடகைக்கு விடப்பட்ட அவ்வளாகத்தில் பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

தையல் கூடமும் துணிக்கடையும்

ஆலை மறைந்தபோதும் துணித் தொழில் மறையவில்லை. அதன் வடிவமும் தொழிலாளரின் பாலினமும் மாறின. நாடுகளுக்கிடையே துணி ஏற்றுமதியை அளவிட்டுப் பங்கிட்ட பல்லிழை உடன்படிக்கை 1974 முதல் 1994 வரை நடப்பில் இருந்த காலத்தில், தைத்த ஆடையை ஏற்றுமதி செய்யும் கூடங்கள் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பெருகின. அவற்றில் தைப்போர், பிசிறு வெட்டுவோர், பொத்தான் கட்டுவோர், தேய்த்து மடிப்போர் ஆகியோருள் பெரும்பாலோர் பெண்கள். ஒரே வாயிலில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்த ஆலைக்கு மாறாக, இத்தொழில் சிறு கூடங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடக்கிறது; வேலை உண்டா இல்லையா என்பதை வெளிநாட்டு வணிகப் பெயருடைய நிறுவனம் முடிவு செய்கிறது, கூலி கொடுப்பவரோ உள்ளூர் ஒப்பந்தக்காரர்.

நியூயார்க்கில் இதே சிதறிய தையல் தொழிலில்தான் 1900-இல் பன்னாட்டுப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, 1909-இல் ஏறத்தாழ இருபதாயிரம் தையல்காரர்களின், பெரும்பாலும் பெண்களின், வேலைநிறுத்தத்தை நடத்தியது. 1911-இல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் பூட்டிய கதவுகளுக்குள் 146 பேர் தீயில் மாண்டபின்னரே அங்குப் பாதுகாப்புச் சட்டங்கள் விரைந்து வந்தன. பிற்காலத்தில் அச்சங்கத்தின் வழிவந்தோர் விடுதி, உணவக, சலவைத் தொழிலாளரோடு கைகோத்தனர். 

வடசென்னையிலும் தையல் வேலையும் சேவைப் பணியும் ஒன்றோடொன்று நெருங்கியவை. ஏற்றுமதிக் கூடத்தில் ஆர்டர் குறைந்தால் வீட்டு வேலைக்குச் செல்வதும், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் விற்பனைப் பணிக்கு நிற்பதும் இயல்பு. இதனை உணர்ந்தே சென்னையை மையமாகக் கொண்ட பெண் தொழிலாளர்கள் சங்கம், ஆடைத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் ஒருங்கே திரட்டியது. 2009-இல் ஆடைத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை உயர்த்தித் தமிழ்நாடு அரசு 2014-இல் வெளியிட்ட ஆணையை ஆடை நிறுவனங்கள் எதிர்த்து வழக்காட, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லும் என்றது. வீட்டுப் பணியாளருக்கு 2007-இல் நல வாரியம் கிடைத்தது. கடைப் பணியாளர் வேலை நேரத்தில் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021-இல் நிறைவேறியது. அமர்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே அப்பணியின் கடுமையைக் காட்டும்.

1921-இல் பெரம்பூர் கற்கத் தவறிய பாடத்தைத் திண்டுக்கல் வட்டாரத்துப் பெண்கள் கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. அங்கு 2021-இல் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியான இளம் தலித் பெண்ணொருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்தோடும் எச் அண்டு எம் என்ற ஆடை விற்பனை நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் உடன்பாடு கண்டது. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் சங்கமே கண்காணிக்கவும், தொழிலாளரே முறையிடவும் வகை செய்யும் அந்த ஆவணம், கூலியையும் மானத்தையும் பிரிக்காமல் எழுதப்பட்டது.

நூற்றாண்டுக்குப் பின்

பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் நிறைவேறியது. கட்சி வேறுபாடின்றித் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1-ஆம் நாள் சிந்தாதிரிப்பேட்டை மே நாள் பூங்காவில் முதலமைச்சர் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். சாதியும் கட்சியும் கடந்து நின்றால் எதைத் தடுக்க முடியும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிமையியல் வழக்கிலிருந்து சங்கத்திற்குரிய காப்பு அதிலும் தொடர்கிறது. ஆனால் எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தத்திற்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு கட்டாயம், 51 விழுக்காட்டுத் தொழிலாளரைப் பெற்ற சங்கமே தனித்துப் பேச்சு நடத்தலாம் என்பன போன்ற புதிய நிபந்தனைகள் சேர்ந்துள்ளன. சிறு கூடங்களில் சிதறியிருக்கும் தையல் பெண்களுக்கும் கடைப் பணியாளருக்கும் இந்நிபந்தனைகள் பேராலைத் தொழிலாளருக்கு இருப்பதைவிடக் கடினமானவை.

ஆயினும் அடிப்படை உரிமை இன்றும் கையில் உள்ளது: ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம், பணியிடத்துத் தொழிலாளருள் பத்து விழுக்காட்டினரோ நூறு பேரோ, இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் போதும். பெரம்பூர்த் தொழிலாளர் உயிரையும் வேலையையும் இழந்து பெற்றுத் தந்த இவ்வுரிமையை, இன்று தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருப்போரும் கடையில் நின்றிருப்போரும் ஒருவரையும் ஒதுக்காமல் சேர்ந்து பயன்படுத்துவதே அவ்வரலாற்றுக்குச் செய்யும் முறையான மரியாதை.